விசிறியை நிறுத்தியவர்கள்

சித்திரை மாத மதியம். திருச்சியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த நேரத்தில் வீட்டுக்குள் படுத்திருக்கும் ஒருவர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துகிறார் என்றால், எதற்காக?

சுடரொளிக்கு இந்தக் கேள்வி வேலைநேரத்தில்தான் வந்தது. ஆனால் அதற்கும் அவள் வேலைக்கும் சம்பந்தமில்லை. காவிரி மின்பகிர்வு நிறுவனத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த பொறுப்பு, நாளைக்கு ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று இன்றைக்கே கணித்துச் சொல்வது. அவ்வளவுதான்.

வெப்ப ஆண்டுகள் என்று பின்னால் பெயர் வாங்கிய காலம் அது. உச்சிவேளையில் யாரும் தெருவில் நடமாடக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. மதியம் ஒரு சங்கு ஊதும். கடைகளை அடைப்பார்கள், பள்ளிக்கூடம் விடும், ஊர் மொத்தமும் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வெயில் தாழ்ந்ததும் இன்னொரு சங்கு ஊதும். இடைப்பட்ட நேரத்தில் ஏசி போடத் தடை. எல்லாரும் போட்டால் ஊருக்கே கரண்ட் போய்விடும். அதற்குப் பதிலாக அரசாங்கம் வீட்டுக்கு வீடு புது மின்விசிறிகளைக் கொடுத்திருந்தது. ஒவ்வொன்றின் ரெகுலேட்டரிலும் நகத்தளவுக்கு ஒரு சிப். விசிறி ஓடுகிறதா, ஓடினால் ஒன்றிலா ஐந்திலா என்று அது மின் நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வேறெதுவும் அதற்குத் தெரியாது.

அந்தத் தகவல் மறுநாள் கணிப்புக்கு உதவும். பிறகு அழிந்துவிடும். அதை உட்கார்ந்து பார்க்கிறவர்கள் யாருமில்லை. சுடரொளி பார்த்தாள். ஊர் வரைபடத்தில் லட்சக்கணக்கான பச்சைப் புள்ளிகள். எல்லாம் ஓடும் விசிறிகள். நடுநடுவே சில கறுப்புப் புள்ளிகள். வீட்டில் ஆளில்லாவிட்டால் எல்லா விசிறியும் கறுப்பாக இருக்க வேண்டும். இந்த வீடுகளில் கூடத்து விசிறி ஓடுகிறது, ஒரே ஒரு அறையில் மட்டும் நின்றிருக்கிறது. சற்று முன்புவரை ஓடியதுதான்.

"மன்சூர் சார், நீங்க எப்போ ஃபேனை நிறுத்துவீங்க?" என்று கேட்டாள்.

மன்சூர் அவளுடைய மேலதிகாரி. அதிர்ந்து பேசாத, யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். "மார்கழியில" என்றார்.

"அதில்ல சார். இப்போ. இந்த வெயில்ல."

"பைத்தியம் பிடிச்சா."

பக்கத்து மேசைகளில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாமிக்கு விளக்கு ஏற்றும்போது நிறுத்துவோம் என்றாள் ஒருத்தி. மாவு சலிக்கும்போது, மிளகாய்த்தூள் கொட்டும்போது, குழந்தைக்குத் தலைதுவட்டும்போது. மாமனாரோடு பேசும்போது விசிறிச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்காது, அதனால் நிறுத்துவேன் என்றான் ஒருவன். வேலை அன்றைக்கு அரைமணி நேரம் நின்றே போயிற்று.

சுடரொளி ஒவ்வொரு காரணத்தையும் கேட்டுத் தலையாட்டினாள். ஆனால் விளக்கு ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? இந்தப் புள்ளிகளில் சில வெகுநேரமாகக் கறுப்பாகவே இருந்தன.

"போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் சார்."

"எதை?"

"கதவைத் தட்டி, ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்கப் போறேன்."

மன்சூர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "குளிர்ச்சட்டையைப் போட்டுக்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

அவசர வேலைக்கு வெளியே போகிறவர்கள் அணியும் சட்டை அது. உள்ளே ஐஸ் பைகள் வைத்துத் தைத்தது. அதை மாட்டிக்கொண்டு, ஆளரவமற்ற தெருக்கள் வழியாக ஸ்கூட்டரில் பொன்னி நகருக்குப் போனாள். கறுப்புப் புள்ளிகள் அங்கேதான் கொஞ்சம் கூடுதலாக இருந்தன.

முதல் வீட்டுக் கதவைத் திறந்தவர் மேல்சட்டை இல்லாமல், குளித்துவிட்டு வந்தவர்போல வேர்வையில் நனைந்திருந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் அதே கோலத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கேரம் பலகை.

"கரண்ட் ஆபீஸா? நாங்க ஒண்ணும் திருட்டுக் கரண்ட் எடுக்கலையே!"

"இல்லீங்க. ஏன் ஃபேனை நிறுத்தியிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு..."

"பவுடர் பறக்குதும்மா!" என்றார் உள்ளேயிருந்து ஒருவர், பரிதாபமாக. "ரெட்டு விழ வேண்டிய நேரம். இவர்தான் ஃபேனைப் போடணும், போடணும்னு ஆட்டத்தைக் கலைக்கப் பார்க்கறார். நீங்களே சொல்லுங்க, நியாயமா?"

இரு தரப்பும் அவளிடம் முறையிட்டன. அவள் நடுவராக நின்று அந்தச் சிவப்புக் காய் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. தெருவில் வந்து நின்று தனியாகச் சிரித்தாள். இவ்வளவுதானா விஷயம் என்று திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் இன்னும் சில கதவுகள் பாக்கி இருந்தன.

இரண்டாவது வீட்டில் ஒரு பெண்மணி அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டில் வெகுநேரம் தட்டிய பிறகு கதவு மெல்லத் திறந்தது. உள்ளே நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். ஊரே வெந்துகொண்டிருக்கும் அந்த மதியத்தில் அவள் கம்பளி போர்த்தியிருந்தாள். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. விடியக்காலையில பேக்கரி வேலை. அடுப்புச் சூடு சேரல போல. படுத்தா சரியாயிடும்."

அவள் பெயர் செண்பகம். பொன்னி நகரில் பாதி வீடுகளுக்கு அவள் சுடும் ரொட்டிதான். தனியாக இருக்கிறாள். சுடரொளி அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். நெருப்பாகக் கொதித்தது. தன் குளிர்ச்சட்டையைக் கழற்றப் போனவள், 'குளிரில் நடுங்குகிறவளுக்கு இதையா போடுவது' என்று நினைத்து நிறுத்திக்கொண்டு, கம்பளியோடு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிச் சுகாதார மையத்துக்குக் கொண்டுபோனாள்.

அங்கே டாக்டர் எஸ்தர் பரிசோதித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "இவங்களுக்கு எப்போ ஆரம்பிச்சது?"

"இன்னைக்குக் காலையிலதான்" என்றாள் செண்பகம்.

"நடுக்கக் காய்ச்சல்" என்றார் டாக்டர். சுடரொளி செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெப்ப ஆண்டுகளோடு வந்த, கொசுவால் பரவும் புதுக் காய்ச்சல் அது. போன கோடையில் ஊரில் பலரைக் கொண்டுபோயிருந்தது. ஆனால் டாக்டர் எஸ்தர் புன்னகைத்தார். "பயப்படாதீங்க. முதல் நாளே மாத்திரை போட்டா ரெண்டு நாள்ல எழுந்து நடந்துடுவாங்க. கஷ்டம் என்னன்னா, யாரும் முதல் நாள் வர்றதில்லை. வெயில்னு நினைச்சுப் படுத்துக்கறாங்க. மூணாவது நாள் தூக்கிட்டு வர்றாங்க. அப்போ மாத்திரை கேக்காது. நான் இங்க வேலைக்கு வந்ததுலேர்ந்து முதல் நாளே வந்தவங்க இவங்க ஒருத்தர்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஃபேன் நின்னிருந்தது டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. சுடரொளி விளக்கினாள். கேட்கக் கேட்க டாக்டரின் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க. இந்தக் காய்ச்சல் அலை அலையா வரும். முதல்ல குளிர் தூக்கிப் போடும்..."

"ஃபேனை நிறுத்துவாங்க."

"அப்புறம் காய்ச்சல் இறங்கும், வேர்வை கொட்டும்..."

"அஞ்சுல வைப்பாங்க."

"மறுபடி குளிர்."

"மறுபடி நிறுத்துவாங்க." சுடரொளி கையிலிருந்த திரையில் செண்பகத்தின் அறை விசிறியைத் தேடி எடுத்தாள். காலையிலிருந்து அது நின்று, முழு வேகத்தில் ஓடி, நின்று, மறுபடி ஓடியிருந்தது. அதைக் கோடாக வரைந்தால் ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. கேரம் ஆடுகிறவர்களும் அப்பளம் இடுகிறவர்களும் இப்படிச் செய்வதில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டாக்டர் கேட்டார், "இது மாதிரி வேற ரம்பம் இருக்கா?"

இருந்தது. அதிகமும் பொன்னி நகரைச் சுற்றி.

விஷயத்தைக் கேட்ட மன்சூர் முதலில் சந்தோஷப்படவில்லை. "நல்ல காரியம்தான். ஆனா நாம கேட்டது நாளைக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு. இப்போ பார்க்கறது ஜனங்க படுக்கையறையை. யார்கிட்ட அனுமதி வாங்கினோம்?"

"உயிர் போற விஷயம் சார்."

"தெரியும். அதனாலதான் வேண்டாம்னு சொல்லாம, அனுமதி வாங்குன்னு சொல்றேன்."

தலைமையகத்திலிருந்து அனுமதி சுலபமாகவே வந்தது. சுகாதாரத் துறைக்கு வீட்டு எண்களை மட்டும் கொடுக்கலாம், பெயர் கூடாது என்றார்கள். மஞ்சள் கோட்டுப் போட்ட ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். கம்பளிக்குள் சுருண்டுகிடந்தவர்களைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். புள்ளிகள் நெருக்கமாக இருந்த இடத்தில் தேடிப் பார்த்ததில், மூடிக்கிடந்த பழைய சந்தைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் யாரோ குவித்துவிட்டுப் போன உடைந்த ஏர்கூலர்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் தண்ணீர். தண்ணீர் முழுக்கக் கொசுப் புழு. அப்புறப்படுத்தினார்கள். செண்பகம் மறுபடி வேலைக்குப் போய், முதல் ஈட்டு ரொட்டியை மின் நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். சூடான ரொட்டி வாசனையில் அலுவலகம் மறுபடி அரைமணி நேரம் வேலை செய்யவில்லை. சுடரொளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் பொன்னி நகர் ஐந்தாம் தெருவில் அந்தச் சம்பவம் நடந்தது.

அங்கே வைதேகி என்று ஒரு தலைமையாசிரியை குடியிருந்தார். அந்தப் பகுதிப் பிள்ளைகள் எல்லாரும் அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். சாயங்காலச் சங்கு ஊதி, தெரு முழுக்கக் காய்கறி வண்டியைச் சுற்றி நின்ற நேரத்தில், மஞ்சள் கோட்டுக்காரர்கள் இருவர் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"உங்க வீட்ல யாருக்கோ காய்ச்சல் இருக்கு மேடம்."

"இல்லையே. நான் மட்டும்தான் இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன்."

"ஃபேன் அப்படிக் காட்டலையே. நடுக்கம், வேர்வை, நடுக்கம்னு நாலு நாளா வருது. மறைக்காதீங்க மேடம், ஊருக்கே பரவிடும்."

காய்கறி வண்டியருகே பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையை இழுத்துப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். வைதேகி அதைப் பார்த்தார். எல்லா முகங்களையும் பார்த்தார். பிறகு வகுப்பில் பேசுகிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கு மாதவிடாய் நிக்கிற வயசு. உடம்பு திடீர்னு கொதிக்குது, திடீர்னு ஆறுது. அதனால ஃபேனைப் போடறேன், நிறுத்தறேன். எல்லாருக்கும் கேட்டுதா? இல்ல, இன்னொரு தடவை சொல்லணுமா?"

கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊழியர்களில் ஒருவன் இதை வேடிக்கைக் கதையாகச் சுடரொளியிடம் சொன்னான். அவளால் சிரிக்க முடியவில்லை. அந்த ரம்பக் கோட்டை 'காய்ச்சல்' என்று குறித்து அனுப்பியவள் அவள்தான். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள், தன் உடம்போடு தனியாக ஒரு போராட்டம் நடத்திக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் வரைபடத்தில் ஐந்தாம் தெரு காணாமல் போயிற்று. பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை, வெற்றிடம். ஜனங்கள் சிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழைய ரெகுலேட்டர்களை மாட்டிக்கொண்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஆறாம் தெருவும் ஏழாம் தெருவும் அப்படியே போயின.

"ஃபேனையா நிறுத்தினாங்க? உன்னைத்தான் நிறுத்தியிருக்காங்க" என்றார் மன்சூர். குத்திக்காட்டும் குரலில் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

வெற்றிடத்தின் விளிம்புவரை ரம்பக் கோடுகள் வந்து நின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. டாக்டர் எஸ்தர் போன் செய்தார். "அஞ்சாம் தெருவுலேர்ந்து காலேஜ் படிக்கிற பொண்ணு ஒண்ணைக் கொண்டுவந்திருக்காங்க. மூணாவது நாள். ஆக்சிஜன்ல இருக்கா." "சுடர், அந்தத் தெரு ஜனங்களை எப்படியாவது திரும்பப் பேச வைக்கணும்."

அன்று சாயங்காலமே சுடரொளி வைதேகியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். காலிங் பெல்லை அழுத்துவதற்கு முன் இரண்டு முறை திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். கதவு திறந்தது. வைதேகி கையில் ஒரு பரீட்சை அட்டையை வைத்து விசிறிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நான் மின் நிறுவனத்துலேர்ந்து வர்றேன். உங்க வீட்டு எண்ணை அனுப்பினது நான்தான்."

"உள்ள வாங்க" என்றார் வைதேகி. "கத்த மாட்டேன். கத்தி முடிச்சாச்சு."

தண்ணீர் கொடுத்தார். சுடரொளி குடித்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எதுக்கு? தப்பாக் கணிச்சதுக்கா, எட்டிப் பார்த்ததுக்கா?"

"கிளம்பும்போது தப்பாக் கணிச்சதுக்குத்தான். நீங்க கேட்டப்புறம், ரெண்டுக்கும்."

வைதேகி முதல்முறையாக லேசாகச் சிரித்தார். "சரியாக் கணிச்சிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கு இப்படி இருக்குன்னு என் மகளுக்குக்கூடச் சொன்னதில்ல. அவ வெளியூர்ல இருக்கா, கவலைப்படுவான்னு. முதல்ல தெரிஞ்சது கரண்ட் ஆபீஸுக்கு!" அட்டையை வேகமாக விசிறினார். "செண்பகத்தை நீங்க காப்பாத்தினதும் தெரியும். அதனாலதான் கதவைத் திறந்தேன். உங்க கண்டுபிடிப்பை நான் குறை சொல்லல. ஆனா என் வீட்டு ஃபேன் என் முதுகுக்குப் பின்னால உங்ககிட்ட பேசுது. அது ஏன் முதல்ல என்கிட்ட பேசக் கூடாது?"

சுடரொளி தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "டீச்சர், அந்தச் சிப்பை எங்க போட்டீங்க?" என்றாள்.

"குப்பைத் தொட்டியில."

அவள் எழுந்துபோய் வெங்காயச் சருகுக்குள் கையை விட்டுத் துழாவியதை வைதேகி வியப்போடு பார்த்தார். சிப் கிடைத்தது. துடைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இதுல ஒரு குட்டி விளக்கு இருக்கே, பார்த்திருக்கீங்களா?"

"பச்சையா எரியும். எதுக்கோ."

"கரண்ட் சிக்கனமாப் போகுதுன்னு காட்ட. யாரும் கவனிக்கறதே இல்ல. இதையே மஞ்சளா எரிய வைக்கலாம். ரம்பக் கோடு வருதான்னு பார்க்கறதுக்குப் பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம் டீச்சர், இந்தச் சிப்பே போதும். எல்லாம் இதுக்குள்ளேயே நடக்கும், வீட்டை விட்டு வெளிய போகாது. மஞ்சளா எரிஞ்சா, ஒரு தடவை டாக்டரைப் பார்த்துடுங்கன்னு அர்த்தம். பார்க்கறதும் பார்க்காததும் உங்க இஷ்டம்."

"எனக்கும் தினம் மஞ்சளா எரியுமே?"

"இந்தப் பித்தானை ஒரு தடவை அமுக்கிடுங்க. 'எனக்குத் தெரியும், நீ சும்மா இரு'ன்னு அர்த்தம். அப்புறம் வாயைத் திறக்காது."

"உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"தெருவுக்கு ஒரு எண். இந்தத் தெருவுல இன்னைக்கு எத்தனை மஞ்சள், விசிறியெல்லாம் மொத்தமா எவ்வளவு ஓடுச்சு. எந்த வீடுன்னு தெரியாது. கொசு எங்க இருக்குன்னு தேட அது போதும்."

வைதேகி சிப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதை ஏன் முதல்லயே செய்யல?"

"யாரும் கேக்கல டீச்சர். எனக்கும் தோணல."

அலுவலகத்தில் அடுத்த தடை காத்திருந்தது. விவரங்கள் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும் என்பது தலைமையகத்துக்குப் பிடிக்கவில்லை. எந்த வீட்டில் காய்ச்சல் வருகிறது, எந்த வீட்டில் வருவதில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு காப்பீட்டு நிறுவனம் ஆசைப்பட்டு அவர்களோடு பேச ஆரம்பித்திருந்தது. சுடரொளியின் திட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிடும்.

காணொளிக் கூட்டத்தில் அவள் எடுத்துச் சொன்ன எதுவும் எடுபடவில்லை. கடைசியில் மன்சூர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சார், எங்க தெருவுல இன்னும் சிப் இருக்கு. எங்க வீட்லயும் இருக்கு. இந்த விவரம் வெளிய போகும்னா இன்னைக்குச் சாயங்காலம் நானே கழட்டிடுவேன். என் பக்கத்து வீட்டுக்காரன் கேட்டா அவன்கிட்டயும் காரணத்தைச் சொல்லுவேன். ஒரே வாரத்துல ஊர்ல ஒரு சிப் இருக்காது. நாளைக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு அப்புறம் ஜோசியம்தான் பார்க்கணும்."

திரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடரொளி மன்சூரைப் பார்த்தாள். யாரோடும் சண்டைக்குப் போகாத அந்த மனிதர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அனுமதி கிடைத்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று தெரு ஜனங்களும் கூடினார்கள். சுடரொளி விளக்கிச் சொன்னாள். கேள்விகள் பறந்தன. விளக்கு எரிந்தால் ஆள் வருவார்களா? வர மாட்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் வீட்டில் ஃபேன் அப்படியும் இப்படியும் ஓடினால்? கூட்டம் கொல்லென்று சிரித்தது. கேட்டவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பித்தானை அமுக்கிடுங்க" என்றாள் சுடரொளி, முகம் சிவக்க. கேரம் கோஷ்டியும் வந்திருந்தது. ஆட்ட நேரத்தில் மஞ்சள் விளக்கில் கண் கூசுமா என்பது அவர்கள் கவலை.

வைதேகி எழுந்தார். கூட்டம் தானாக அமைதியானது. "இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து குப்பையைக் கிளறினா" என்றார். "தப்புப் பண்ணினவங்க சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கேன். இவ வேற வழி தேடினா. நான் திரும்ப மாட்டிக்கறேன். மத்தவங்க அவங்கவங்க முடிவு." எல்லாரும் பார்க்க வீட்டுக்குப் போய்ச் சிப்பை மாட்டினார். வெங்காய வாசனை போகாத அந்தச் சிப்பில் பச்சை விளக்கு எரிந்தது.

ஒரு வாரத்துக்குள் வெற்றிடம் நிரம்பிற்று. வரைபடத்தில் இப்போது வீட்டுப் புள்ளிகள் கிடையாது, தெருவுக்கு ஒரு எண்தான். சுகாதார மையத்தில்தான் காட்சி மாறியது. கம்பளி போர்த்திய ஜனங்கள் தாங்களாகவே நடந்து வந்தார்கள். "எங்க வீட்ல மஞ்சள் எரியுது டாக்டர்" என்றார்கள், ஏதோ விருந்தாளி வந்திருப்பதைச் சொல்கிற மாதிரி. சிலருக்குக் காய்ச்சலே இல்லை. மாத்திரை இல்லாமல் திருப்பி அனுப்பியதற்குக் கோபித்துக்கொண்டார்கள். ஆக்சிஜனில் இருந்த கல்லூரிப் பெண் தேறி, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். ஐந்தாம் தெருவே வாசலுக்கு வந்து நின்று கைதட்டியது. வைதேகி தன் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். மகள் முதல் ரயிலில் கிளம்பி வந்து, அம்மாவோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, பத்து நாள் தங்கிப் போனாள்.

ஆவணியில் டாக்டர் எஸ்தர் நடுக்கக் காய்ச்சல் வார்டைப் பூட்டினார். பூட்டுவதற்கு முன் அந்தக் காலி வார்டில் எல்லாருக்கும் பிரியாணி போட்டார் மன்சூர். கட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நர்ஸுகள், மஞ்சள் கோட்டுக்காரர்கள், செண்பகம், வைதேகி எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறுநாள் டாக்டர் எஸ்தர் லீவு போட்டுவிட்டுக் கடல் பார்க்கப் போனார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெயில் எப்படிக் கொளுத்தியதோ அப்படி மழையும் விடாமல் கொட்டியது. ஊரில் விசிறிகள் ஒன்றிலும் இரண்டிலும் சோம்பலாக ஓடின. அப்படிப்பட்ட ஒரு நாளில் சுடரொளி திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏழாம் தெருவின் எண் உச்சிக்குப் போயிருந்தது. தெரு முழுக்க எல்லா விசிறியும் ஐந்தில் ஓடினால்தான் அந்த எண் வரும். போர்வை போர்த்திக்கொள்ள வேண்டிய குளிரில் ஒரு தெருவே முழு வேகத்தில் விசிறியை ஓடவிட்டிருக்கிறது. மஞ்சள் ஒன்றுகூட இல்லை. நேற்றும் அப்படித்தான்.

புதுசாக ஏதாவது நோயா? குளிரே வராமல், வேர்வை மட்டும் கொட்டுகிற காய்ச்சலா? டாக்டர் எஸ்தருக்குப் போன் செய்தாள். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எந்த வீடு என்று திரையில் பார்க்க வழியில்லை.

"போய்க் கேட்டுட்டு வர்றேன் சார்" என்றாள். மன்சூர் தன் குடையை எடுத்து நீட்டினார்.

ஏழாம் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த பெண் வாட்டசாட்டமாக, முழங்கையில் பிளாஸ்திரியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் விசிறி பேய்வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, நீல நிறப் பனியன்கள் தொங்கின. எல்லாவற்றிலும் எண் போட்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க, தொந்தரவுக்கு" என்றாள் சுடரொளி. "உங்க தெருவுல எல்லாரும் ஏன் ஃபேனை இவ்வளவு வேகமா வெச்சிருக்கீங்கன்னு சொல்ல முடியுமா? விருப்பம் இல்லைன்னா சொல்ல வேண்டாம்."

"காயவே மாட்டேங்குதுங்க!" என்றாள் அந்தப் பெண். "எங்க தெரு லேடீஸ் கபடி டீம் மாவட்ட ஃபைனலுக்குப் போயிருக்கு. சேத்துல ஆடிட்டு வர்றோம், துவைக்கிறோம், மறுநாள் மறுபடி சேறு. இருக்கறது ஆளுக்கு ஒரு செட்டு. அதான் தெருவுல வீடு வீடாப் பிரிச்சு ஃபேனுக்கடியில போட்டிருக்கோம். தெருவே எங்களுக்காகக் குளிர்ல நடுங்குது. நீங்க சும்மா நிக்கறதுக்கு இதோ, இந்த நுனியைப் பிடிங்க. பிழியணும்."

சுடரொளி குடையை மடக்கி வைத்துவிட்டுப் பனியனின் நுனியைப் பிடித்தாள். இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள். சேற்றுத் தண்ணீர் அவள் புடவையில் தெறித்தது. அடுத்த பனியனையும் பிழிந்தாள். டீ வந்தது. குடித்தாள். நடுக்களத்தில் இருந்து எதிராளியை எப்படி மடக்குவது என்று கூடத்திலேயே ஒருத்தி ஆடிக் காட்டினாள்.

அவள் நனைந்து, சேறு பூசிய புடவையோடு அலுவலகம் திரும்பியபோது மன்சூர் பதறிப்போய் எழுந்தார். டாக்டர் எஸ்தர் போனில் காத்திருந்தார்.

"என்ன காய்ச்சல்?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"கபடிக் காய்ச்சல்" என்றாள் சுடரொளி. "சனிக்கிழமை ஃபைனல்ஸ். நமக்கு முன்வரிசையில இடம் போட்டு வெக்கறேன்னு சொல்லியிருக்காங்க."